ஆடாமல் நின்ற படகு

என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பூசைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், பித்தான் மாட்ட வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். நான் அடுப்படியில் இருந்தபடியே, "தெனமும் மாட்டுற பித்தான்தானே, மாட்டுங்க" என்றேன். அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு வாய் நேரானது. காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை மூடும், திறக்கும். ஒரு நாள் கஞ்சி டம்ளரை அந்தக் கையில் கொடுத்தேன். சூடு தாங்காமல் நான் முந்தானையால் பிடித்துக் கொண்டுவந்த டம்ளர் அது. அவர் அதை வெறும் கையில் வெகு நேரம் வைத்திருந்தார். கைக்குப் பழைய பலம் வந்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கு நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். எங்கள் வீடு திரேஸ்புரத்தில், கடலில் இருந்து இரண்டு தெரு உள்ளே. வள்ளங்கள் கரைக்குத் திரும்பும் இன்ஜின் சத்தம் கேட்டால் மட்டும் கண்ணைத் திறப்பார். சத்தம் நின்றதும் மூடிக்கொள்வார். டாக்டரம்மா என்னிடம், "படுத்தே இருந்தார்னா அப்புறம் எழுப்பவே முடியாதும்மா, எப்படியாவது வெளியே கூட்டிட்டுப் போங்க" என்றார். எப்படிக் கூட்டிப் போவது? அவருக்கு நான் எதையும் எடுத்துச் சொல்லிப் பழகியவள் இல்லை. பேச வேண்டியதைக்கூட நாக்கில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைவேன். தெருவில் எனக்கு ஊமைச்சி என்றே ஒரு பேர் உண்டு.

அப்படி இருக்கும்போதுதான் கொழுந்தனார், அதாவது இவருடைய தம்பி, ஒரு சாயங்காலம் தலையில் மஞ்சளாக ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். கடற்கரையில் வெளியூர்க்காரர்களை வைத்துத் துடுப்புப் போட விடுகிற கடை ஒன்று இருந்ததாம். அது மூடிப்போனதில் கிடைத்தது என்றார். பிளாஸ்டிக் படகு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பேர் உட்கார இரண்டு பள்ளம். அதற்குப் பேர் கயாக் என்று அவர்தான் சொன்னார்.

இவர் கட்டிலில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏலே, இது என்னது? மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டியா?"

மூன்று மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. கொழுந்தனார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "தொட்டிதான் அண்ணே. மதினிக்கு மீன் கழுவ வாங்கியாந்தேன்" என்றார்.

"கழுவுறதுக்கு மீன் எங்கலே?"

"அத நீங்கதான் பிடிச்சாரணும்."

மறுநாள் காலையில் இவர் தானாக எழுந்து முகம் கழுவினார். அதனால் எனக்கு அந்த மஞ்சள் படகு வானத்துச் சம்மனசு கொண்டுவந்து போட்டது மாதிரி இருந்தது. அது தண்ணீரில் இவரைத் தாங்கி நின்றால் இவர் பிழைத்தார், இல்லையென்றால் சுவர்தான் என்று நான் மனதில் முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு அந்தக் கணக்கில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

இவருக்குத் துடுப்புப் போடக் கை பத்தாது. அதனால் பின் பள்ளத்தில் நான் உட்கார வேண்டும் என்று ஆனது. எங்கள் பக்கத்தில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவது இல்லை. வலையையும் நங்கூரக் கயிற்றையும் தாண்டுவதும் இல்லை. கரையில் நீட்டிக் கிடக்கிற கயிற்றைச் சுற்றிக்கொண்டு அந்தத் தலை வரைக்கும் நடந்து போய்த்தான் நான் இத்தனை வருசமும் மீன் வாங்கியிருக்கிறேன். இந்தப் படகிலோ, கயிறு என் இருக்கைக்கு முன்னால் சுருண்டு கிடந்தது. அதைத் தாண்டாமல் உட்கார முடியாது. நான் தண்ணீரில் முழங்கால் அளவில் நின்று விழித்தேன்.

"ஏளா, ஏறு. சப்பரமா வரும் உன்னத் தூக்க?" என்றார்.

சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தாண்டி உட்கார்ந்தேன். பிடரியில் யாரோ தட்டியது போல இருந்தது.

நாங்கள் போனது கடலுக்கு இல்லை. உப்பளங்களுக்குப் பின்னால் இருந்து வருகிற ஓடை கடலில் சேருகிற வாய்க்கு. கடல் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கி, தண்ணீர் வற்றும் நேரம் ஓடையில் இருக்கிறது எல்லாம் கடலுக்கு இழுக்கும். அந்த இழுப்பை நீவாடு என்போம். நீவாடு ஓடும்போதுதான் கிழங்கான் மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் என்பார் இவர். அந்த இடத்தில் படகை நிறுத்தித் தூண்டிலை இறக்க வேண்டும். ஆழம் என் கழுத்தளவு.

நங்கூரத்தை எங்கே கட்ட வேண்டும் என்று இவருக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம். வள்ளத்தில் எழுந்து அணியத்துக்கு, அதாவது முன் மூக்குக்கு, நடந்து போய் அங்கே கட்டி இறக்குவார்கள். அப்போதுதான் மூக்கு ஓட்டத்தைப் பார்த்து நிற்கும். ஆனால் இந்தக் கயாக்கில் எழுந்து நின்றால் கவிழ்ந்துவிடும். நிற்கவும் இவருக்குக் கால் இல்லை. உட்கார்ந்த இடத்தில் இருந்து மூக்கு எட்டாது. இடது கைக்கு எட்டுகிற இடத்தில், படகின் விலாப்பக்கம் ஒரு கொக்கி இருந்தது. "கொஞ்ச நேரத்துக்குத்தானே" என்று சொல்லிக் கயிற்றை அதில் மாட்டினார். இவ்வளவு தெரிந்தவர் அதைச் செய்தார். கை எட்டின இடம் அதுதான்.

நங்கூரம் பிடித்ததும் படகு குறுக்கே திரும்பியது. ஓட்டம் முழுக்க விலாவில் வந்து அடித்தது. கயிறு இடது பக்கத்தைக் கீழே இழுக்க, தண்ணீர் வலது பக்கத்தைத் தூக்கியது. தொட்டில் மாதிரி ஆடியது. இவர் வலது கையில் தூண்டிலின் தங்கூஸ் நரம்பைப் பிடித்து, ஆள்காட்டி விரலில் அதை ஓடவிட்டுக் காத்திருந்தார். ஒரு காலத்தில் அந்த விரலில் நரம்பு தொட்டாலே, கீழே முகர்ந்து பார்ப்பது கிழங்கானா, ஓராவா, வெறும் நண்டா என்று சொல்லுவார். அப்போது கூட வள்ளத்தில் போனவர்கள் அதைச் சிரிப்பாக, "அண்ணாச்சி விரல்ல கண்ணு இருக்கு" என்பார்கள்.

இரை மூன்று தடவை போயிற்று. மீன் வரவில்லை.

"படகு ஆடுது. ஆட்டத்துல மீன் தொடுறது தெரியல" என்றார்.

நாலாவது தடவை இரை கோக்கக் குனிந்தார். குனிந்த பாரத்தில் இடது விலா இன்னும் தாழ்ந்தது. தண்ணீர் ஏறியது தெரியும், அதற்குப் பிறகு எல்லாம் பச்சையாக இருந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் இரண்டு பேரும் மேலே வந்தோம். கரையில் நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். இழுத்த பிறகு சிரித்தார்கள். "பெருசு, சோடியா ஞானஸ்நானம் எடுத்தாச்சு போல" என்றான் ஒருத்தன்.

என்னால்தான் வந்தது என்று நினைத்தேன். கயிற்றைத் தாண்டினேன் அல்லவா. வீட்டுக்கு வரும் வழியில் அதை அவரிடம் கேட்க நினைத்து, கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "படகு நின்னாப் போதும். நின்னுச்சுன்னா பிடிச்சிருவேன்" என்றார். சாப்பாட்டைப் பார்த்துச் சொன்னாலும் எனக்குச் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் படகை நிறுத்தும் வேலையாகத்தான் எங்களுக்குப் பொழுது போனது. கொழுந்தனார், "கரையிலேயே மூக்குல கட்டிட்டுப் போயி, உக்காந்த எடத்துல இருந்து நங்கூரத்த வீசுங்க" என்றார். அப்படிச் செய்தோம். படகு நேராக நின்றது. ஆனால் கிளம்பும் நேரத்தில் கயிற்றின் தலை மூக்கில் இருக்கிறது, எங்களுக்கு எட்டாது. கயிற்றை நடுவில் பிடித்து இழுத்தால் படகு மறுபடி குறுக்கே திரும்பியது. அன்றைக்கும் ஒரு ஆள் கழுத்தளவு தண்ணீரில் நீந்திவந்து அவிழ்த்துவிட வேண்டியதாயிற்று. இவருக்கு முகம் செத்துப்போனது. "நான் மீன் பிடிக்கப் போறேனா, ஊரே என்னப் பிடிக்க வருதா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் தெருவில் மாதா நிற்கிற கெபியில் கொடியேற்றம். ஆள் யாரும் கம்பத்தில் ஏறுவது இல்லை. உச்சியில் ஒரு கப்பி இருக்கிறது. அதன் வழியாகக் கயிறு போய்த் திரும்பி வந்து ஒரே வளையமாக நிற்கிறது. கீழே நின்று ஒரு பக்கத்தை இழுத்தால் மாதா கொடி தானாக மேலே போகிறது. மறுபக்கத்தை இழுத்தால் இறங்குகிறது. பிறந்ததில் இருந்து பார்க்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கம்பம் படுத்துக்கிடப்பது மாதிரி தெரிந்தது. படுத்துக்கிடந்தால் அது படகு. உச்சி, மூக்கு. உட்கார்ந்த இடத்தில் இருந்தே கயிற்றை உச்சிக்கு அனுப்பலாம்.

செபமாலை முடிவதற்குள் எந்தக் கயிறு எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், கடலில் இறங்காதவள், நங்கூரம் போடுவதைப் பற்றி அவருக்குச் சொல்லுவதா? இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் அவர் மத்தியானம் தூங்கும்போது வாசலுக்குப் போய், மூக்கில் ஒரு இரும்பு வளையமும் வாலில் ஒரு வளையமும் கட்டினேன். நைலான் கயிற்றை இரண்டிலும் நுழைத்து, இடது பக்கமாகப் படகின் நீளத்துக்கும் ஒரே வளையமாக முடிந்தேன். அந்தக் கயிற்றில் இன்னொரு சின்ன வளையத்தைக் கட்டினேன். நங்கூரக் கயிறு அந்தச் சின்ன வளையத்தின் வழியாகப் போகும். பின் பள்ளத்தில் இருந்து நான் கயிற்றை இழுத்தால் சின்ன வளையம் நங்கூரக் கயிற்றையும் கூட்டிக்கொண்டு மூக்குக்கு ஓடும். எதிர்ப்பக்கம் இழுத்தால் என் மடிக்குத் திரும்பி வரும்.

திரும்பிப் பார்த்தால் இவர் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"ஏளா, கயாக்குல கொடி ஏத்தப் போறியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காலை இழுத்து வந்து, கயிற்றை இடது கையால் ஒரு தடவை இந்தப் பக்கம் இழுத்தார், ஒரு தடவை அந்தப் பக்கம் இழுத்தார். சின்ன வளையம் போயிற்று, வந்தது.

"முடிச்சு சரியில்ல" என்றார். பிறகு, "மத்ததெல்லாம் சரி" என்றார்.

உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். முடிச்சை அவர் இடது கையாலும் பல்லாலும் போட்டார், நான் பிடித்துக்கொண்டேன். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல நாலைந்து மடங்கு இருக்க வேண்டும், குட்டையாக விட்டால் மூக்கைக் கீழே இழுக்கும் என்று சொல்லிக் கயிற்றை நீட்டினார். அலை வெட்டும்போது சுண்டி இழுக்காமல் இருக்க, நடுவில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சேர்த்தார். கயிற்றின் கடைசியில் ஒரு போயாவைக் கட்டினார். வெள்ளை மிதவை. "ஏதாவது ஒண்ணுன்னா இத விட்டுரு. கயிறு போகட்டும், நாம போயிரக் கூடாது. பெறகு வந்து போயாவப் பாத்து எடுத்துக்கலாம்" என்றார். நாம என்று சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த மத்தியானம் போல ஒரு மத்தியானம் எங்களுக்கு அதற்கு முன்பும் வந்தது இல்லை, பிறகும் வரவில்லை.

வியாழக்கிழமை காற்று இல்லை. தண்ணீர் வற்றத் தொடங்கிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கயிற்றைத் தாண்டும்போது நான் நின்றேன். அவர் திரும்பிப் பாராமலே, "அது நீ கட்டுன கயிறு. தாண்டு" என்றார்.

நங்கூரத்தை இறக்கினேன். அது பிடித்தது கயிற்றில் தெரிந்தது. நீளத்தை விட்டு, போயாப் பக்கத்தை என் அருகில் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறகு வளையக் கயிற்றை இழுத்தேன். சின்ன வளையம் இவர் தோளைக் கடந்து முன்னால் போய் மூக்கில் முட்டியது. படகு மெதுவாகத் திரும்பியது. ஓட்டத்தைப் பார்த்து மூக்கை வைத்தது. அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர் சளசளவென்று ஓடியது. நடுவில் நாங்கள் தரையில் உட்கார்ந்தது மாதிரி இருந்தோம். மடியில் இருந்த செம்புத் தண்ணீர்கூட அலுங்கவில்லை.

இவர் இரை கோத்து இறக்கினார். வலது கையில் நரம்பு. ஆள்காட்டி விரல் நீட்டி இருந்தது.

பின்னால் இருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. நரம்பு விரலில் இருந்து தண்ணீருக்குள் போகிற இடத்தில் சின்னதாக ஒரு துடிப்பு. திரும்ப ஒன்று. பிறகு சேர்ந்தாற்போல மூன்று. படகு ஆடவில்லை. துடித்தது நரம்பு மட்டும்தான். இவர் விரல் அசையவே இல்லை. அவர் தூரத்தில் ஹார்பர் பக்கம் நின்ற கப்பலைப் பார்த்துக்கொண்டு, காத்திருக்கிறவர் முகத்தோடு காத்திருந்தார்.

சூடே தெரியாமல் அந்தக் கை பிடித்திருந்த கஞ்சி டம்ளர் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இரை போன வெறும் தூண்டில் முள்ளை இழுத்துப் பார்த்தார். மறுபடி கோத்தார். மறுபடி துடித்தது. நான் சொல்லியிருக்கலாம். "இழுக்குது பாருங்க" என்று ஒரு சொல். வாய் வரவில்லை. அன்றைக்கு வெட்கத்தால் இல்லை. நாலாவது தடவை அவர் கப்பலைப் பார்க்கவில்லை. நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது துடித்ததை அவரும் பார்த்தார். தன் விரலையும் பார்த்தார். அந்த விரல் வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஆடுது போல. அடுத்த தரம் கயித்த இன்னும் நீட்டி விடுவோம்" என்றேன் நான். என் வாயில் இருந்து அவ்வளவு வேகமாக ஒரு பேச்சு வந்தது இல்லை.

"இல்ல ஏளா" என்றார். "படகு நல்லாத்தான் நிக்குது."

"எடது கையில பிடிச்சுப் பாருங்களேன்."

"அதுக்கு என்ன தெரியும்?"

தோளுக்கு மேலாக நரம்பைப் பின்னால் நீட்டினார். "நீ பிடி."

வாங்கி விரலில் வைத்தேன். வைத்ததும் கீழே ஒன்று வந்து தொட்டது. சின்னக் குழந்தை பால் குடிக்க முட்டுவது மாதிரி. என் உடம்பு முழுக்க அது தெரிந்தது. இழுத்திருந்தால் வந்திருக்கும். நான் இழுக்கவில்லை. அது தின்றுவிட்டுப் போகட்டும் என்று கையை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.

"என்ன, ஒண்ணும் தொடலியா?" என்றார் திரும்பாமல்.

"தொடலியே."

அவர் பக்கவாட்டில் நரம்பைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. "நாலு தரம் தொட்டுச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. "போவோம்."

வளையத்தைப் பின்னால் இழுத்தேன். நங்கூரக் கயிறு சொன்னபடி என் மடிக்கு வந்தது. ஒரு சிக்கல் இல்லை, யாரும் நீந்தி வரத் தேவைப்படவில்லை. கரையில் அதே ஆட்கள் இருந்தார்கள். அன்றைக்குச் சிரிக்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒருத்தர், "இன்னைக்கு நல்லா நின்னுச்சே அண்ணாச்சி" என்றார். இவர் தலையாட்டினார்.

அதன் பிறகு அவர் படகில் ஏறவில்லை. நான் இரண்டு தடவை, கயிறு சரியில்லை, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு நாள் யாரும் இல்லாதபோது வாசலுக்குப் போய் மூக்கு வளையத்தை அவிழ்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மறுபடி குறுக்கே திரும்பி ஆடட்டும், ஆட்டத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு அவர் இன்னும் ஒரு மாதம் எழுந்து வரட்டும் என்று. கை முடிச்சு வரைக்கும் போனது. அது அவர் பல்லால் போட்ட முடிச்சு. என்னால் அவிழ்க்க முடியவில்லை. அவிழ்த்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. தெரிந்துகொண்டதைத் தெரியாமல் ஆக்க முடியுமா?

கொழுந்தனார் கேட்டபோது இவர் சுவரைப் பார்த்தபடியே, "எடுத்துட்டுப் போலே" என்றார். கொழுந்தனார் கொண்டுபோனார். ஒரு வாரம் கழித்து ஐந்தாறு கிழங்கானை ஓலைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார்.

"மதினி, நல்ல வேல பாத்திருக்கீய. ஆணி அடிச்சாப்புல நிக்குது. எவன் சொல்லித் தந்தான்னு எல்லாரும் கேக்காவ."

நான் உள்ளே பார்த்தேன். இவருக்குக் கேட்டிருக்கும். கண்ணை மூடித்தான் இருந்தார். மீனைக் கழுவிக் குழம்பு வைத்தேன். முள் எடுத்து ஊட்டினேன். இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டார்.

முதலில் சில நாள் காலையில், "தண்ணி ஏறுதா, வத்துதா?" என்று கேட்பார். நான் கரை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்து வந்து சொல்லுவேன். வழியில் கயிறு கிடந்தால் இப்போதும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். நான் வந்து சொல்லும்போது அவர் தூங்கியிருப்பார், அல்லது தூங்குவது மாதிரி இருப்பார். இருந்தாலும் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிவிடுவேன்.

இந்த மழைக்குப் பிறகு அவர் கேட்பதும் இல்லை. நான் கேட்காமலே போய்ப் பார்க்கிறேன். ஏறுகிறது, வற்றுகிறது. வந்து சொல்லுகிறேன்.